கேமரன் மலையில் ஒரு விறகடுப்பு

கோலாலம்பூருக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி விறகில் தீ மூட்டினேன். எனக்கு ஊர் தேனிப் பக்கம். அங்கே சீமைக் கருவேல விறகு வெயிலில் காய்ந்து கிடக்கும், காய்ந்த தென்னம்பாளையில் ஒரு கீற்றைக் கொளுத்தி வைத்தால் பற்றிக்கொள்ளும். அந்தத் தைரியத்தில், செந்தூலில் எதிர்வீட்டு அண்ணன் குடும்பம் கேமரன் மலையில் கூடாரம் போடலாம் என்று கூப்பிட்டபோது அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தாப்பா வழியாக மலையேறினோம். 1,400 மீட்டருக்கு மேல், பொழுது சாய்ந்ததும் நல்ல குளிர். அடுப்பு என்பது கால் வைத்த தகரப் பெட்டி, முன்னால் ஒரு கதவு, அதன் கீழே காற்றுத் துளை, மேலே நீளமான புகைக்குழாய். குழாய் வெளியேறும் இடத்தில் கூடாரத்துக்குத் தீப்பிடிக்காத துணி வளையம் உண்டு. அது இல்லாத கூடாரத்துக்குள் அடுப்பை வைக்கவே கூடாது.

ஊரில் செய்வது போலவே சுள்ளியைக் கீழேயும் கட்டையை மேலேயும் வைத்துப் பற்றவைத்தேன். கட்டை முனையில் நீர் நுரைத்துச் சீறியது, புகை முழுவதும் கதவு வழியே திரும்பி வந்தது, கண்ணெரிய எல்லோரும் வெளியே ஓடினோம்.

அண்ணன் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். "இங்க காத்துலயே தண்ணி இருக்கு தங்கச்சி, வெளித்தோலை நம்பாத, பிளந்து பாரு" என்று பாராங் கத்தியை எடுத்தார். பிளந்தால் உள்ளே காய்ந்திருந்தது! விரல் தடிமனுக்குச் சிராய் சீவினோம். அப்புறம் அடுக்கையே தலைகீழாக மாற்றினார்: தடித்த கட்டை அடியில், அதன் மேல் மெலிந்தவை, உச்சியில் சிராயும் தேங்காய் நாரும். கொளுத்துவதற்கு முன் எரியும் காகிதத்தை அடுப்புக்குள் குழாய் தொடங்கும் வாயருகே பிடித்தார். குழாய்க்குள் நிற்கும் குளிர்காற்று கனமானது, அது சூடாகி மேலே ஏறினால்தான் புகையும் பின்னால் போகும். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, குழாய் இழுக்கத் தொடங்கியதும் மூடி, மற்றதைக் காற்றுத் துளையால் பார்த்துக்கொள்ள வேண்டும். ரொம்ப நேரம் எரியட்டும் என்று துளையை ஒரேயடியாக அடைத்தால் கட்டை புகைந்து குழாயில் கரி படியும், அந்தக் கரியே பிறகு தீப்பிடிக்கும். அடுத்த முறைக்கான விறகை அடுப்பைத் தொடாமல், சூடு படும் தூரத்தில் அடுக்கினோம்.

ஒரு விஷயத்தில் அண்ணன் கறார். விறகும் தணலும் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் கூடாரத்தில் மேலும் கீழும் காற்றுவழி திறந்தே இருந்தது, அலாரம் ஒன்றும் தொங்கியது. அப்படியும் கங்குகூட மிச்சமில்லாமல் அணைந்த பிறகுதான் படுக்கவிட்டார். குளிரில் நடுங்கினேன்தான், ஆனால் அவர் செய்தது சரி. தணல்தானே என்று யாரும் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

விடிந்ததும் முதலில் எழுந்தது நான். ராத்திரி அடுக்கிய விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. குழாயைச் சூடாக்கி, உச்சியில் கொளுத்தினேன். ஒரே தீக்குச்சிதான். தேநீர் கொதிக்கும் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்து, "முதல்ல பசியாறலாம் வா" என்று என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டார்.