விற்க உரிமை இல்லாதவர்கள் போட்ட கையெழுத்து

கொழிஞ்சாம்பாறையில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆதாரம் எழுதினார். தமிழ்நாட்டில் பத்திரம் எனப்படுவதைத்தான் பாலக்காட்டுத் தமிழர்களாகிய நாங்கள் மலையாள வழக்கையொட்டி ஆதாரம் என்கிறோம். நிலம் விற்பதற்காகத் திண்ணையில் வந்து உட்காருகிறவர் யாராயிருந்தாலும், விலையை விசாரிப்பதற்கு முன்பே அவர் ஒன்று கேட்பார்: "விக்கறது சரிங்க, விக்கறதுக்கு உங்களுக்குப் பாத்தியதை இருக்குதுங்களா?" முன்னாதாரத்தைக் கண்ணில் காட்டாதவருக்காக அவர் பேனா மூடியைத் திறந்ததில்லை. அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்கள் தாய்மண்ணிலிருந்து துரத்தப்பட்ட வரலாற்றைச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். பக்கத்துக்குப் பக்கம் அந்தத் திண்ணைக் கேள்வியே காதில் விழுகிறது.

செரோக்கிகளின் ஊர்கள் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில், இன்றைய ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா மாநிலங்களில் பரவியிருந்தன. காட்டில் அலைந்து திரிந்த கூட்டம் என்று அவர்களை எண்ணிக்கொள்பவர் 1820களின் செரோக்கி நாட்டை அறியாதவர். ஆங்கிலம் படிக்கவே தெரியாத செக்வோயா என்பவர் தம் மொழிக்கென்று தனியே ஓர் எழுத்துமுறையை உருவாக்கி 1821இல் வெளியிட்டார். நம்முடைய உயிர்மெய்யைப் போல ஓர் எழுத்துக்கு ஓர் அசை என்று அமைந்த அதனைச் சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராக மக்கள் கற்றுக்கொண்டனர். 1827இல் அரசியல் சாசனம் எழுதிக்கொண்டனர். தலைநகரான நியூ எக்கோட்டாவில் 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாளை இரு மொழிகளிலும் அச்சிட்டனர். அதன் ஆசிரியர் எலியாஸ் பூடினாட். அவரது பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருவார். அவர்களுள் வசதி படைத்தோர் வெள்ளையரைப் போலவே கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தனர். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த அடிமைகள் ஏறத்தாழ 1,600 பேர். செரோக்கிகளுக்காக மனம் கசியும்போது இதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை.

1820களின் இறுதியில் அவர்களது நிலத்தில் டாலோனெகா அருகே தங்கம் கிடைத்தது. ஜார்ஜியா மாநிலம் தன் சட்டங்களை அந்நிலத்தின்மீது நீட்டியது. வெள்ளையருக்கு எதிராகச் செரோக்கி ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூடாதென்று விதித்தது. 1832இல் அந்நிலத்தை 160 ஏக்கர் மனைகளாகவும், தங்கம் இருக்கும் பகுதியை 40 ஏக்கர் துண்டுகளாகவும் அளந்து, குலுக்கல் முறையில் வெள்ளைக் குடிமக்களுக்குக் கொடுத்துவிட்டது. வாளையாரிலும் கோபாலபுரத்திலும் எல்லை கடந்து வந்து லாட்டரிச் சீட்டு வாங்கிச் செல்பவர்களை அன்றாடம் பார்க்கிற எனக்கு, குடியிருக்கும் வீடும் காய்க்கும் தோட்டமும் பரிசாக வைக்கப்பட்ட லாட்டரியைக் கற்பனை செய்யவே சிறிது நேரம் பிடித்தது. செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 1835இல் வெளியூர் சென்று திரும்பியபோது, அவரது வீட்டில் குலுக்கலில் வென்ற குடும்பம் குடியேறியிருந்தது.

அதற்கு முன்பே, 1830 மே 28இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன், பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்புவதற்கான இந்தியர் வெளியேற்றச் சட்டத்தில் ஒப்பமிட்டிருந்தார் (அமெரிக்கப் பழங்குடிகளைத்தான் அங்கே இந்தியர் என்றனர்). பிரதிநிதிகள் அவையில் அது 102க்கு 97 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. செரோக்கிகள் வில்லைத் தூக்கவில்லை, வழக்கறிஞரை அமர்த்தினர். 1832இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு தாளிலேயே தங்கிவிட்டது. அட்டப்பாடிப் பக்கம் அகளியில் சில காலம் வேலை பார்த்தவனுக்கு இது விளங்காத செய்தியன்று: ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுக் கொடுப்பதற்காகக் கேரளம் 1975இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வரவே 1986 ஆயிற்று; 1999இல் வேறொரு சட்டம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இனி அந்த ஆதாரத்துக்கு வருகிறேன். 1835 டிசம்பர் 29ஆம் நாள், நியூ எக்கோட்டாவில் பூடினாட்டின் வீட்டில், அமெரிக்க அரசின் ஆணையர் ஷெர்மர்ஹார்ன் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே செரோக்கிகளுக்கிருந்த நிலம் முழுவதற்கும் கிரயம் 50 லட்சம் டாலர். மேற்கே மாற்று நிலம். செனட் அவை ஏற்றதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும். ஒப்பமிட்ட 20 பேரில் சிலர் பெயரை எழுதினர், எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டனர். ராஸ் அப்போது வாஷிங்டனில் இருந்தார். அந்த 20 பேருக்குச் செரோக்கிகளின் நாட்டு மன்றம் முக்தியார், அதாவது தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்திருக்கவில்லை. என் தந்தையாரின் திண்ணையாக இருந்திருந்தால் அந்த ஆதாரம் முதல் வரியைத் தாண்டியிராது.

கையெழுத்திட்டவர்களைத் துரோகிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் இயலவில்லை. அவர்களுள் மூத்தவரான மேஜர் ரிட்ஜ், மக்களுடைய நிலத்தை விற்றதற்காக 1807இல் டபுள்ஹெட் என்ற தலைவரைக் கொன்றவர்களுள் ஒருவர். அனுமதியின்றி நிலத்தை விற்பவருக்கு மரணம் என்பது 1829இல் எழுத்து வடிவச் சட்டமாகவும் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவரே தாம் கையெழுத்திடுவது எதற்கென்று அறிந்துதான் இட்டிருப்பார். நீதிமன்றத்தில் வென்றும் நிலத்தைத் தோற்ற பிறகு, மக்களாவது மிஞ்சட்டும் என்று அவரும் அவர் மகன் ஜான் ரிட்ஜும் பூடினாட்டும் கருதினர். அந்தக் கணிப்பில் நியாயம் இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், பாத்தியதை இல்லாதது இல்லாததுதான்.

உடன்படிக்கையை ஏற்க வேண்டாமென்று ராஸ் கொண்டுபோன மனுவில் 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கிழக்கில் வாழ்ந்த செரோக்கிகளே ஏறத்தாழ 16,000 பேர்தான். 20 கையெழுத்து எடுபட்டது, 15,000 எடுபடவில்லை. 1836 மே மாதம் செனட் அவை, ஒரே ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரு பங்கு கிட்டியிராது என்ற நிலையில், அதனை ஏற்றது.

1838 மே 23இல் கெடு முடிந்தது. ஜெனரல் வின்ஃபீல்டு ஸ்காட் தலைமையில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் வீடு வீடாகச் சென்று, வயலில் நின்றவர்களையும் உணவுக்கு உட்கார்ந்தவர்களையும் அப்படியே அழைத்துப்போய் மரவேலியிட்ட பட்டிகளில் அடைத்தனர். கோடை வறட்சியில் ஆறுகள் வற்றிப் படகுகள் தடைப்பட்டன. பட்டிகளில் வயிற்றுக்கடுப்பும் தட்டம்மையும் கக்குவானும் பரவின. எஞ்சிய பயணத்தைத் தாங்களே நடத்திக்கொள்ள ராஸ் அனுமதி பெற்றார். அடிமைகளும் உடன்வர, பதின்மூன்று குழுக்கள் இலையுதிர் காலத்தில் புறப்பட்டன. மிசிசிப்பியில் பனிக்கட்டி மிதந்ததால் பல குழுக்கள் தெற்கு இல்லினாயில் கடுங்குளிரில் காத்துக் கிடந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 என்பது பலரும் ஏற்ற கணிப்பு. ராஸின் மனைவி குவாட்டியும் வழியில் இறந்து லிட்டில் ராக்கில் அடக்கமானார். கடைசிக் குழு 1839 மார்ச்சில் போய்ச் சேர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள், புதிய மண்ணில், மேஜர் ரிட்ஜ், ஜான் ரிட்ஜ், பூடினாட் மூவரும் வெவ்வேறு இடங்களில் ஒரே நாளில் கொல்லப்பட்டனர்.

ஆதாரம் எழுதும் குடும்பத்தில் பிறந்தவனை அதன்பின் உறங்கவிடாத ஒரு செய்தி உண்டு. அந்த உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்கிறது. யாருடைய சம்மதமும் இன்றி எழுதப்பட்ட அதே ஆவணத்தின் அந்த ஷரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 2019இல் செரோக்கி நாடு கிம் டீஹி என்ற பெண்மணியைத் தன் பிரதிநிதியாக அறிவித்தது. 2022 நவம்பரில் அவையின் குழு ஒன்று அக்கோரிக்கையை விசாரித்தது. நிலத்தைப் பற்றிய ஷரத்துகளை இரண்டே ஆண்டில் துப்பாக்கி முனையில் நிறைவேற்றிய அரசு, இந்த ஒரு ஷரத்தைப் பற்றி, அவரை அவையில் அமர்த்தலாமா கூடாதா என்று அன்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.