வானத்தில் யார் ஒதுங்குவது?

அமெரிக்காவுக்குக் குடிவந்து, வேலை, வீடு, கார் எல்லாம் ஒருவழியாக நிலைப்பட்டபின் பலரும் ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டது விமானம் ஓட்டுவதை. பெரிய விமானம் இல்லை. நாலு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் செஸ்னா 172. இதைச் சொன்னதும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எஞ்சின் நின்னுபோனா என்ன பண்ணுவீங்க?" நின்றால் விமானம் உடனே விழுந்துவிடாது, சறுக்கிக்கொண்டேதான் இறங்கும். அதற்கு வேண்டிய மட்டும் பயிற்சி தருகிறார்கள். ஆனால் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மேலே சாலை இல்லை, கோடு இல்லை, சிக்னல் இல்லை. எதிரில் இன்னொருவர் வந்தால் யார் ஒதுங்குவது?

கற்றுக்கொள்ளத் தொடங்குவதற்கு முன்னால் காகித வேலை. இந்த நாட்டின் குடியுரிமை இல்லாதவர், கிரீன் கார்டே வைத்திருந்தாலும், விமானப் பயிற்சிக்கு டிஎஸ்ஏ என்கிற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். விரல்ரேகை, பின்னணி விசாரணை, காத்திருப்பு. விசா வரிசைகளில் நின்று பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மருத்துவச் சான்று தனி. ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அமெரிக்க உச்சரிப்பு வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

அந்தப் பேச்சு எனக்கு உடனே தேவைப்பட்டது. நான் பழகிய விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 5,000 விமான நிலையங்கள் இருக்கின்றன. கோபுரம் இருப்பவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் 'இப்போது இறங்கு, அவருக்குப் பின்னால் போ' என்று சொல்ல ஆளில்லை. ஒரே அலைவரிசையில் ஒவ்வொருவரும் தாம் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லும்போது விமான நிலையத்தின் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்கிறோம். காரணம், பக்கத்துப் பக்கத்து ஊர் நிலையங்கள் பல ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இறங்குவதைக் கேட்டு இங்கே ஒருவர் பதறக்கூடாது. இன்னொன்று, 'இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அப்படிக் கேட்க வேண்டாம் என்று எஃப்ஏஏ என்கிற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே நேரத்தில் நாலு பேர் பதில் சொன்னால் ஒன்றுமே காதில் விழாது என்பது என் அனுபவம்.

வழிவிடும் விதிகள் அமெரிக்க விமானச் சட்டத்தின் 91-ஆம் பகுதியில் 113-ஆம் பிரிவில் இருக்கின்றன. ஒரு பக்கம்கூட வராது. உலகம் முழுவதற்குமான அடிப்படை, 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாவது இணைப்பு. அதனால் எந்த நாட்டில் கற்றாலும் சாரம் இதேதான். இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், வலப்பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை, இடப்பக்கம் இருப்பவர் விலகவேண்டும். பின்னாலிருந்து முந்துகிறவர் வலப்பக்கமாக, நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். இங்கே ஓட்டுநர் உரிமத்துக்காக நாலு பக்கமும் 'ஸ்டாப்' பலகை வைத்த சந்திப்பில் நான் பழகியதும் வலப்பக்கம்தான்: இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வலப்பக்கத்துக் கார் முதலில் போகும். ஆனால் சாலையில் நின்று யோசிக்கலாம், கையைக் காட்டி 'நீங்கள் போங்கள்' என்று சொல்லலாம். மேலே நிற்க முடியாது.

இரவில் இந்த விதியை விளக்குகளே சொல்லிவிடும். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. கப்பல்களிலிருந்து வந்த ஏற்பாடு இது. எனக்கு வலப்பக்கத்திலிருந்து ஒருவர் குறுக்கே வந்தால் அவருடைய இடது இறக்கைதான் எனக்குத் தெரியும், அதாவது சிவப்பு. விலக வேண்டியவன் நான். பச்சை தெரிந்தால் விலக வேண்டியவர் அவர். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் இரண்டு பேருமே அவசரமாக வலப்பக்கம் திரும்ப வேண்டிய நேரம்.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. வெவ்வேறு வகை ஊர்திகள் சந்தித்தால் பலூனுக்கு எல்லாரும் வழிவிட வேண்டும். அதற்கடுத்து எஞ்சின் இல்லாத கிளைடர். அப்புறம், வாயு நிரப்பி எஞ்சினால் ஓடும் ஏர்ஷிப். இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் விமானத்துக்கு, எஞ்சின் உள்ள மற்றவை ஒதுங்க வேண்டும். ஆபத்தில் சிக்கியவருக்கு எல்லாரும், எப்போதும். இந்த வரிசையில் எடையோ வேகமோ பயணிகளின் எண்ணிக்கையோ எங்கும் வரவில்லை. ஏர்பஸ் ஏ380 என்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது; யாரால் ஒதுங்க முடியாதோ அவருக்கு வழி, அவ்வளவுதான். பலூன் ஓட்டுகிறவர் ஏறலாம், இறங்கலாம், பக்கவாட்டில் காற்று போகிற பக்கம்தான் போக முடியும். காகிதத்தில் என் செஸ்னாவும் போயிங்கும் சமம் என்றாலும், போயிங்குக்கு முன்னால் உரிமை பேசுகிற செஸ்னாக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. பெரிய விமானத்தின் இறக்கைகளுக்குப் பின்னால் சுழலும் காற்று சின்ன விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும்.

இறங்குகிறவருக்கும் முன்னுரிமை உண்டு. இரண்டு பேர் இறங்க வந்தால் தாழ்வாக இருப்பவர் முதலில். ஆனால் அதற்குக் கீழேயே சட்டம் ஒரு பூட்டு போட்டிருக்கிறது: அந்த உரிமையைக் காட்டி, கடைசிக் கட்டத்தில் இருக்கும் இன்னொருவருக்கு முன்னால் குறுக்கே நுழையக்கூடாது. ஏற்கெனவே இறங்கி ஓடுபாதையைவிட்டு விலகிக்கொண்டிருப்பவரை மேலேயிருந்து விரட்டவும் கூடாது. இந்த வரிகளை எழுதியவர் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இத்தனையும் அடுத்தவரைப் பார்த்தால்தானே? அதனால் 113-ஆம் பிரிவு முன்னுரிமைகளுக்குள் போகுமுன்பே, வானிலை இடம்கொடுக்கும்வரை ஒவ்வொரு விமானியும் கண்காணிப்போடு இருந்து, மற்றவற்றைப் பார்த்து விலக வேண்டும் என்கிறது. தரையிலிருந்து வழிகாட்டப்படும் விமானிக்கும் இது பொருந்தும். எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரு காலத்தில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். கருவிகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு அட்டையை எடுத்து அவற்றை மூடிவிடுவார். "வெளியே பாருங்கள், அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்" என்பார்.

பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் ஒரு கணக்கைக் காட்டி விளக்கினார். எஃப்ஏஏ வெளியிட்ட கணக்கு அது. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று தெரிந்து, மோதும் பாதையில் வருகிறது என்று புரிந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானமும் அசைய 12.5 விநாடி ஆகிறது. அதில் 5 விநாடி, மோதப்போகிறோம் என்று புரிவதற்கு மட்டுமே. இரண்டு சின்ன விமானங்கள் ஆளுக்கு 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் 12.5 விநாடியில் இடைவெளி சுமார் 1,300 மீட்டர் குறைந்துவிடும். செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். 1,300 மீட்டரில் அது நிலாவின் அகலத்துக்குத்தான் தெரியும். முன்னாலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு மெல்லிய கோடு.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. கண்ணாடியில் நகர்ந்து போகிற விமானம் நம்மீது மோதாது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் மோதப்போவது. நம் கண்ணோ நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். அசையாத புள்ளியை விட்டுவிடும். அந்தப் புள்ளி வெகுநேரம் புள்ளியாகவே இருந்து, கடைசிச் சில விநாடிகளில் திடீரென்று வீங்கும். வெறும் நீல வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகவே பத்து முப்பது அடி தூரத்துக்குக் குவிந்துகொள்கிறது, அப்புறம் தொலைவில் இருப்பது மங்கிவிடும். அதனால் வானத்தைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது கண்ணை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். செஸ்னாவுக்கு இறக்கை மேலே இருப்பதால் திரும்பும்போது போகிற பக்கத்தையே இறக்கை மறைத்துவிடும். முதலில் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம்.

இப்போது எல்லார் மடியிலும் டேப்லட் இருக்கிறது. ஏடிஎஸ்-பி என்ற முறையில் விமானங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே ஒலிபரப்புகின்றன. 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பாலான நெரிசல் வான்பகுதிகளில் இது கட்டாயம். சுற்றியுள்ள விமானங்கள் திரையில் அம்புக்குறிகளாகத் தெரியும். நல்ல வசதிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டாயத்திலிருந்து பல இடங்களில் விலக்கு பெற்றவை எவை தெரியுமா? பலூன், கிளைடர், பிறவியிலேயே மின்சார அமைப்பு இல்லாத பழைய விமானங்கள். இவற்றில் சிலவற்றில் ரேடியோவும் இருக்காது. கோபுரம் இல்லாத நிலையங்களில் பெரும்பாலும் அது சட்டப்படி சரியே. ஆக, யாருக்கு முதலில் வழிவிட வேண்டுமோ அவர்களே திரையில் வராமல் போகலாம். இளம் விமானிகள் சிலர் குனிந்தே பறப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

பெரிய விமானங்களுக்கு வேறு பாதுகாப்பு இருக்கிறது. அது எளிதில் வந்துவிடவில்லை. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அங்கே மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விமானிகளின் கண்களிடமே விடப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் எஃப்ஏஏவை உருவாக்கும் சட்டம் வந்தது. 1986-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில் ஒரு டிசி-9 விமானமும் சின்னப் பைப்பர் ஒன்றும் மோதின. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர். அதன்பின் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்றை ஏறு என்றும் மற்றதை இறங்கு என்றும் சொல்லும். 2002 ஜூலையில் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே டுபலெவ் விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது, தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் இறங்கினார்கள், தன் கருவி சொன்னபடி மற்ற விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர். கருவி ஒன்றும் மனிதர் ஒன்றும் சொன்னால் கருவியையே கேட்க வேண்டும் என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது.

2025 ஜனவரியில் வாஷிங்டனில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. "ஏங்க, அந்த ஹெலிகாப்டர்காரங்க, 'பாத்துட்டோம், நாங்களே விலகிக்கிறோம்'னுதானே சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள். அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நகரத்தின் இரவு விளக்குகளுக்கு நடுவே விமான விளக்கைத் தேடிப் பிடிப்பது என்ன பாடு என்று அவளுக்கு விளக்கினேன். ஆறுதல் சொல்லும்படி என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த சில வாரங்கள் நான் பறக்கவும் இல்லை.

இப்போது மேகத்துக்குள் பறப்பதற்கான பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் பெரும்பாலான இடங்களில் மேகத்துக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி விலகியிருக்க வேண்டும் என்பது தேர்வுக்காக மனப்பாடம் செய்த எண்கள். மேகத்திலிருந்து வெளியே வருகிறவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரிகிறது: வெள்ளைச் சுவரைத் தாண்டிய அந்த நொடியிலிருந்து, கட்டுப்பாட்டாளர் காதில் பேசிக்கொண்டிருந்தாலும், பார்த்து விலகும் கடமை மறுபடியும் அவருடையது. பயிற்சியின்போது வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிக்கொள்கிறேன். அப்போது பக்கத்து இருக்கையில் குறைந்தது தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர் இருந்து எனக்காக வெளியே பார்க்க வேண்டும் என்பது சட்டம். "நான் பாத்துச் சொன்னா ஆகாதா?" என்றாள் மனைவி. ஆகாது. இப்போதைக்கு அலுவலக நண்பர் ஒருவர் வருகிறார். எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் விமானம் இருக்கிறது என்று அவர் சொல்கிறார், திரும்புவது நான். மாதத்துக்கொருமுறை இடம் மாற்றிக்கொள்கிறோம்.