நடுப்புள்ளியில் பதினோரு மாதம்

கல்யாணமாகி நகரத்துக்குக் குடிவந்தபோது, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதமும் வரவில்லை. அவருடைய அலுவலகம் வடக்குக் கோடியில். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம் தெற்குக் கோடியில். செல்போனில் வரைபடத்தைத் திறந்து, இரண்டுக்கும் சரிபாதியில் விரலை வைத்தோம். ஆளுக்குப் பாதி தூரம். இதைவிட நியாயமாக என்ன இருக்க முடியும்? அந்த நியாயத்தோடு பதினோரு மாதம் குப்பை கொட்டினோம்.

வரைபடத்தில் நடுவாகத் தெரிகிற இடம் ரயிலுக்கும் நடுவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரிய நகரங்களில் ரயில் தடங்கள் பெரும்பாலும் மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வெளியே விரிகின்றன. எங்கள் இரண்டு அலுவலகங்களையும் இணைக்கும் தடம் ஒன்று உண்டு. ஆனால் அது வில்லாக வளைந்து, வாடகை எங்கள் கைக்கு எட்டாத மையப் பகுதி வழியாகப் போகிறது. நாங்கள் பிடித்த வீடு அந்த வில்லுக்கும் நாணுக்கும் இடையில் அந்தரத்தில் கிடந்தது. வீட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ஒரு ரயில், அப்புறம் இன்னொரு ரயில். அவருக்கு ஒரு வழிக்கு 65 நிமிடம், எனக்கு 70. சமம் என்றால் சமம்தான், இருவருக்கும் ஒரே அளவு கெட்டிருந்தது.

அதிலும் வண்டிக்குள் போகும் நேரம் அவ்வளவு உறுத்தவில்லை. மாறி ஏறுவதும் நின்று காத்திருப்பதும்தான் உயிரை வாங்கின. போக்குவரத்துத் திட்டம் போடுபவர்கள் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டியில் போகும் இரண்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக எடுத்துக்கொள்வது வழக்கம். இதைப் பின்னால் படித்தபோது, நம் கால் சொன்னதைத்தானே இவர்களும் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

ஒப்பந்தம் முடிய பத்து வாரம் இருக்கும்போது, இந்தத் தடவை யோசித்துச் செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அவர் ஒரு நேர்கோடு போட்டார். ஒரு முனையில் அவர் அலுவலகம், மறுமுனையில் என்னுடையது. ரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 80 நிமிடம்.

"இந்தக் கோட்டில் எங்கே வீடு எடுத்தாலும் நம்ம ரெண்டு பேர் நேரத்தையும் கூட்டினா எண்பதுதான் வருது, பாரு" என்றார். நடுவில் எடுத்தால் 40, 40. உன் பக்கம் ஒட்டி எடுத்தால் 10, 70. மொத்தம் மாறுவதில்லை, யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் மாறுகிறது.

"நாள் கணக்கு?" என்று கேட்டேன். நான் வாரத்தில் ஐந்து நாள் போயே ஆக வேண்டும், மாதிரிக் குப்பிகளை வீட்டுக்கு எடுத்து வர முடியாது. அவர் மூன்று நாள் போனால் போதும். இதைச் சேர்த்துப் போட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடு நடுவில் இருந்தால், ஒரு வழிக் கணக்கில், வாரத்துக்கு எட்டு நாற்பது, 320 நிமிடம். என் அலுவலகத்தை ஒட்டி இருந்தால் மூன்று எண்பது, 240. அவர் அலுவலகத்தை ஒட்டி இருந்தால் ஐந்து எண்பது, 400. நாள் அதிகம் போகிறவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சாயச் சாய மொத்தம் குறைந்துகொண்டே போய், அந்தக் கோடியைத் தொட்டால்தான் நிற்கிறது.

கணக்கு சொல்கிறது என்பதற்காக மூன்று நாளும் ஒரு மனிதரை எண்பது நிமிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. செசாரே மார்ச்செட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. காலால் நடந்த காலம் முதல் கார் காலம் வரை, மனிதர்கள் ஒரு நாளைக்குப் போக்குவரத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணியைச் சுற்றியே நிற்கிறது என்பது அதன் சாரம். வண்டி வேகமானால் வீடு தள்ளிப் போகிறது, நேரம் அப்படியே இருக்கிறது. அதாவது போக அரை மணி, வர அரை மணி. நாங்கள் இருவருமே அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தோம். அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து ஆராய்ந்ததில், தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த அலுப்பைச் சம்பளமோ மலிவான வாடகையோ முழுதாக ஈடுகட்டவில்லை என்று தெரிந்தது. வீட்டைப் பார்க்கும்போது பெரிய ஹாலும் குறைந்த வாடகையும் கண்ணில் படுகின்றன, வாரத்துக்குப் பத்துத் தடவை போகும் வழி படுவதில்லை. நாங்களும் அப்படி ஒரு ஹாலுக்கு ஏமாந்தவர்கள்தான்.

பேசிப் பேசி மூன்று நிபந்தனைக்கு வந்தோம். எனக்கு வாசலிலிருந்து வாசலுக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, காரணம் மாதத்தில் இரண்டு வாரம் இரவு பத்து மணிக்குத்தான் ஷிப்ட் முடியும். அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அவர் வண்டி மாறவே கூடாது.

இந்தச் சல்லடையில் மிஞ்சியவை மூன்று பகுதிகள். எங்களுக்குள் அவற்றுக்கு ஆற்றங்கரை, சந்தைப் பக்கம், கடைசி ஸ்டேஷன் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

அடுத்து எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம், ஒரு எக்செல் அட்டவணை. வாடகை, அமைதி, பாதுகாப்பு, பூங்கா, கடைகள், மருத்துவமனை என்று பதினான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அமைதிக்கு அவர் ஒன்பது போட்டார், நான் நான்கு. அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து "இரவு நடமாட்டம்" என்று ஒரு புது வரிசையைச் சேர்த்து அதற்கு நான் பத்து போட்டேன். மறுநாள் பார்த்தால் "மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாமை" என்று ஒன்று முளைத்திருந்தது. கடைசியில் சந்தைப் பக்கம் முதலிடத்தில் வந்து நின்றது. இருவருக்குமே அந்த இடம் பிடிக்கவில்லை. அட்டவணையை மூடிவிட்டு நேரில் போனோம்.

சந்தைப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பகல் பதினோரு மணிக்குப் பார்த்தோம். தரகர் ஜன்னலைத் திறந்து காட்டினார், நல்ல காற்று, அமைதியான தெரு. செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அதே தெருவில் போய் நின்றேன். பின்பக்கம் ஒரு கிடங்கு. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்போது எழுப்பும் "பீப் பீப்" சுவரில் பட்டு மூன்றாம் மாடி வரை ஏறியது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று இருக்கிறது. எங்கள் செல்போன் செயலி தெருவில் 70-க்கு மேல் காட்டியது. செல்போன் கருவி துல்லியமானதில்லைதான், ஆனால் என் காதுக்கு அந்தத் துல்லியம் தேவைப்படவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "வீடு பாக்க வந்தீங்களா? பன்னெண்டு மணிக்கு நின்னுடும்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா, இன்றுவரை புரியவில்லை.

ஆற்றங்கரை எங்கள் இருவருக்கும் மனதுக்குப் பிடித்த இடம். நிழலான தெரு, பழைய கட்டடங்கள், பெரிய ஜன்னல்கள். விளம்பரத்தில் "ஸ்டேஷனுக்கு நடந்து 7 நிமிடம்" என்று இருந்தது. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டரை ஒரு நிமிடமாகக் கணக்கிட்டே எழுத வேண்டும் என்ற விதி உண்டு, சிக்னலில் நிற்பதும் மேடும் அதில் சேராது. அந்தக் கணக்கில் ஏழு நிமிடம் என்றால் 560 மீட்டர். நான் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு நடந்தேன். முதலில் ஒரு நடை மேம்பாலம், ஏற நாற்பத்தியிரண்டு படி. அப்புறம் சிக்னலில் இரண்டு நிமிடம். அதற்கப்புறம் ஒரு நீளமான மதில், ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிய ஷட்டர்கள். விளக்கு இருந்தது, ஆள் இல்லை. பாதி மதிலுக்கு வந்தபோது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது. வீட்டு வாசலை அடைந்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அவருக்குப் போன் போட்டு, "வேண்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்று காலைதான் அவர் அதே ஸ்டேஷனில் எட்டேகால் மணிக்கு நின்று, ஏற முடியாமல் இரண்டு ரயில்களை விட்டிருந்தார்.

இந்தச் சோதனைப் பயணத்துக்காக அவர் மூன்று தடவை அரை நாள் விடுப்பு எடுத்தார். அது கொஞ்சம் அதிகம் என்று என் மாமியார்கூடச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருட வாழ்க்கைக்கு ஒன்றரை நாள்.

கடைசி ஸ்டேஷனுக்கு நாங்கள் அதிகம் எதிர்பார்க்காமல்தான் போனோம். புதிதாகக் கட்டிய பகுதி, எல்லாத் தெருவும் ஒன்றுபோல, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ரயில் அங்கேதான் கிளம்புகிறது. கதவு திறந்ததும் உட்கார்ந்துகொள்ளலாம். 58 நிமிடப் பயணம் முழுவதும் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தவர், இறங்கி எனக்கு அனுப்பிய செய்தி இரண்டே வார்த்தை: "தூங்கிட்டேன், நல்லா". நின்றுகொண்டு போகும் அரை மணியும் உட்கார்ந்து போகும் ஒரு மணியும் வேறு வேறு பண்டம் என்பது எங்கள் அட்டவணையில் எங்கேயும் இல்லை. எனக்கு அங்கிருந்து ஒரே பஸ், 17 நிமிடம். இரவு இறங்கும் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடை. அதன் வெளிச்சம் எங்கள் தெரு முனை வரை வருகிறது.

அங்கே முதலில் பிடித்த வீடு கைநழுவிப் போனது. "ராத்திரி பேசிட்டுச் சொல்றோம்" என்று வந்துவிட்டோம், சாயங்காலமே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். அதிலிருந்து, இன்ன இன்ன இருந்தால் அங்கேயே சரி சொல்லலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கிளம்பினோம். வீட்டுக்குள் பார்த்தவை சாதாரணமானவைதான். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்ப்பது, ஒவ்வோர் அறையிலும் நின்று போன் பேசிப் பார்ப்பது, ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே கையை வைத்து ஈரம் பார்ப்பது. ஒன்றே ஒன்று மட்டும் தரகரிடம் கேட்காமல் படியில் எதிர்ப்பட்டவரிடம் கேட்டோம்: "முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?" குழந்தை பிறந்து பெரிய வீட்டுக்குப் போனார்களாம். நல்ல பதில்.

வாடகை விஷயத்தில் சம்பளத்தில் 30 சதவீதம் என்று எல்லோரும் ஓதுகிறார்கள். தேடிப் பார்த்தால், அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்காக 1969-ல் 25 சதவீதம் என்று வைத்த வரம்பு 1981-ல் 30 ஆக உயர்ந்தது. அந்த எண் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் அளவுகோல் வேறு: ஒருவருக்கு வேலை போனால், இன்னொருவர் சம்பளத்தில் ஆறு மாதம் இந்த வாடகையைக் கட்ட முடியுமா? முடியும் என்ற தொகைக்கு மேல் நாங்கள் வீடே பார்க்கவில்லை.

முந்தைய வீட்டு உரிமையாளர் முன்பணத்தில் "சுவர்க் கறை" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் போவதற்கு முன்பே இருந்த கறை அது, ஆனால் காட்ட எங்களிடம் படம் இல்லை. இந்த வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்பே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிட்டோம். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். பரவாயில்லை.

குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பகுதி இன்னும் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது, நண்பர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, சனிக்கிழமைகளில் நகரத்துக்குள் போனால் திரும்பி வரவே மனமில்லை. தூரம் அவர் பக்கம் விழுந்துவிட்டதால், ஜன்னல் உள்ள சின்ன அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன், வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாளும் அவர் அங்கேதான். அவர் அலுவலகம் போகும் மூன்று நாளும் காலை வீட்டு வேலை முழுக்க என்னுடையது. இது சரியான பங்கா என்று அவ்வப்போது சண்டை வருவதுண்டு.

மாலை ரயிலில் மட்டும் அவருக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. அலுவலக ஸ்டேஷனிலிருந்து எதிர்த்திசையில் இரண்டு ஸ்டேஷன் போய், அங்கே கிளம்பும் வண்டியில் ஏறினால் இடம் கிடைக்கிறதாம், ஒன்பது நிமிடம் கூடுதல். லாபமா நஷ்டமா என்று இந்த வாரம் முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.