விடிய மடங்காத விரல்கள்

இடியப்ப உரலின் இரண்டு பிடியையும் சேர்த்து அமுக்குவதென்றால் பத்து விரலும் ஒன்றாக மடங்க வேண்டும். சோரியாசிஸ் என்ற செதில் படைத் தோல் நோயோடு சேர்ந்து வரும் சோரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவருக்கு விடிய ஐந்தரை மணிக்கு அவை மடங்குவதில்லை. அதே கை பத்து மணிக்குத் தேங்காய் திருவும். "இப்ப செய்யிறீங்கள்தானே, விடிய மட்டும் ஏன் ஏலாது?" என்று வீட்டில் கேட்பார்கள். இந்த நோயின் குணமே அதுதான். வேலையால் தேய்ந்த மூட்டு உழைக்க உழைக்க நோகும், ஆறினால் குறையும். இங்கே ஆறியிருந்த மூட்டுத்தான் இறுகும், அசைய அசையத் தளரும். எழும்பி அரை மணி நேரம் தாண்டியும் இறுக்கம் விடவில்லை என்றால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

கிளினிக்கில் இதைச் சொல்லும்போது ஒரு சொல் இடறும். "கை விறைக்குது" என்றால் மரத்துப்போவது என்றும் எடுக்கலாம், இறுகுவது என்றும் எடுக்கலாம். மரத்துப்போவது என்று எழுதப்பட்டால் விசாரணை நரம்புப் பக்கம் போய்விடும். "விடிய ஐந்தரைக்கு விரல் மடங்காது, ஏழு மணிக்குத்தான் மடங்கும்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். தோலில் செதில் படை இருக்கிறதா என்று கேட்காவிட்டாலும் காட்டுங்கள். தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால், தொப்புளில் இருக்கும் சிறு படையும் கணக்குத்தான். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள், நகம் சதையை விட்டுக் கிளம்புவது, ஒரு விரல் அடியிலிருந்து நுனிவரை முழுதாக வீங்குவது ஆகியவை இந்த நோயின் அடையாளங்கள். சோரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும் மூட்டும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் தோல் முந்தும், மூட்டு ஆண்டுகள் கழித்து வரும். சிலருக்கு மூட்டே முந்திவிடும். முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை பொதுவாக இவர்களுக்கு எதிர்மறையாகவே வரும். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை கூடச் சாதாரணமாக இருக்கலாம். அந்தத் துண்டை வைத்து "ஒண்டும் இல்லை" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

மருந்து வேலை செய்யத் தொடங்கக் கிழமைக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் விடியற்காலையைச் சமாளிக்க வேண்டும். பாயை விட்டு எழும்ப முன்னரே விரல்களைப் பத்துத் தரம் மெல்ல மடக்கி நீட்டுங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் இரண்டு கையையும் வைத்து, அதற்குள்ளேயே விரலை அசையுங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம், அது தோலைக் காயவைத்துப் படையைக் கிளப்பும். பிடித்து அமுக்கும் வேலைகளைக் காலையிலிருந்து நகர்த்துவதுதான் பெரிய உதவி. தேங்காயை முதல் நாள் பின்னேரமே திருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். இடியப்பத்தை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம்.

மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பது நுனிமூட்டுகளுக்குக் கடும் பாரம். இந்த நோய் விரும்பித் தாக்குவதும் அந்த நுனிமூட்டுகளைத்தான். அகப்பை, கத்தி, பல்தூரிகை எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் தடிப்பாக்கினால் விரல் பாதி மடங்கினாலும் பிடி கிடைக்கும். காசு செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்யச் சொல்வேன். தண்ணீர் வாளியை விரலில் தொங்கவிடாமல் பாதி நிரப்பி, இரண்டு கையாலும் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தோய்த்த உடுப்பைப் பிழிய வேண்டாம். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாலும் திருகோணமலை வெயில் காயவைத்துவிடும்.

திருவலைப் பல்லில் கை கீறுவதைச் சின்ன விசயமாக எடுக்கக் கூடாது. கீறிய இடத்தில், ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு, புதுப் படை எழும்பலாம். சொறிந்த இடம், வெயிலில் எரிந்த இடம், இறுக்கமான இடுப்புப் பட்டி உராயும் இடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கரைவலை இழுப்பவருக்கு இது இரட்டை அடி. ஈரக் கயிறு உள்ளங்கையை உராயும், வெடித்த தோலில் உப்புத் தண்ணீர் எரியும். வலை இழுப்பதும் பெரும்பாலும் விரல் மடங்காத நேரத்தில்தான்.

குதிக்கால் வேறு கதை. தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில் அழற்சி வருவதால் பாயிலிருந்து வைக்கும் முதல் அடியே குத்தும். வீட்டுக்குள்ளும் தடித்த அடியுள்ள செருப்புப் போடுங்கள். கோணேசர் கோயிலுக்கு பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து ஏற்றம். விடியப் போனால் கால் இறுக்கம், மதியம் போனால் கல் சூடு. காலை ஒன்பது மணியை ஒட்டிப் போவது நல்லது. ஏற்றத்துக்கு ஓட்டோ பிடித்தால் நேர்த்தி குறைந்துவிடாது.

களைப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அழற்சி உடம்பு முழுதையும் வாட்டும். நன்றாக நித்திரை கொண்டவரும் மத்தியானம் இயலாமல் இருந்துவிடுவார். அதைச் சோம்பல் என்று சொல்லும் வீட்டில் நோயாளி கிளினிக்கை விடுகிறார், மருந்தை விடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் இந்த ஒன்றை விளங்கிக்கொண்டாலே பாதிச் சுமை குறையும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் பாளம் பாளமாக வெடிக்கும். குளித்து ஈரம் காய முன்னர், மூன்று நிமிடத்துக்குள் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசினால்தான் ஈரம் உள்ளே நிற்கும். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. இளஞ்சூடு மூட்டைத் தளர்த்தும், ஆனால் நோயை மாற்றாது. சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல், வந்த கையோடு எண்ணெய் பூசுங்கள்.

மருந்தில் நடக்கும் மிக ஆபத்தான பிழை மெதோட்ரெக்சேட்டில் நடக்கிறது. அது இந்த நோய்க்குக் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் குளிசை. நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை பழுதாகி உயிருக்கே ஆபத்து. 2.5 மி.கி., 10 மி.கி. என்று இரண்டு அளவில் இருப்பதால் வைத்தியர் எழுதிய 15 மி.கி.க்கு 2.5 என்றால் ஆறு குளிசை, 10 மி.கி. பெட்டியிலிருந்து ஆறு எடுத்தால் நான்கு மடங்கு. ஒவ்வொரு முறையும் பெட்டியைப் பார்த்து, எடுக்கும் கிழமை நாளை அதன்மேல் பெரிதாக எழுதுங்கள். அதோடு கொடுக்கும் ஃபோலிக் அசிட் என்ற விட்டமின் குளிசையை வேறு நாளில் எடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, மதுவைத் தள்ளிவைக்க வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண் மாதங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இதோடு சேரவே கூடாது. பெயரில்லாத "வாதப் பொடி"களில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் விடும்போது படை முன்னையைவிட மோசமாகக் கிளம்பலாம். கண் சிவந்து நொந்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும்.

வாடை மழையோடு டெங்கு வரும். 2017இல் கிண்ணியாவில் அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மூட்டு நோவுக்குத் தந்த டைக்ளோபெனாக், இபுபுரோபென் டெங்குக் காய்ச்சலில் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் கண்டவுடன் அவற்றை நிறுத்திப் பனடோல் மட்டும், சொன்ன அளவில். அந்தக் கிழமை மெதோட்ரெக்சேட்டை வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வெள்ளணுவையும் குருதிச் சிறுதட்டையும் அந்தக் குளிசையும் குறைக்கக்கூடியது, டெங்கும் குறைக்கும். இரத்தத் துண்டைப் பார்க்கும் வைத்தியருக்கு இது தெரியாவிட்டால் எண்ணிக்கையின் அர்த்தம் மாறிவிடும். அதனால் குளிசையின் பெயர், அளவு, எடுக்கும் நாள் மூன்றையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். காய்ச்சலில் பேச முடியாமல் போனாலும் கொப்பியைக் கொண்டுபோகிறவர் அதைக் காட்டலாம்.