உப்புப் பார்க்கும் வேலை

மார்ச் 1, 2025
நாளை ரமலான் நோன்பு தொடங்குகிறது. எங்கள் படைமுகாமின் சமையற்கூடத்தில் இருக்கும் ஒன்பது பேரில் நோன்பு இல்லாதவன் நான் ஒருவன்தான் என்பதால், பகலில் உப்புப் பார்க்கும் பொறுப்பை சார்ஜன்ட் என்னிடம் ஒப்படைத்தார். நோன்பாளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வழி உண்டாம். ஆனாலும் நீ இருக்கும்போது எங்களுக்கு ஏன் அந்தச் சங்கடம் என்று கேட்டார்.

மார்ச் 3
நோன்பு தொடங்கும் முன் விடியலுக்குள் உண்ணும் சஹூர் உணவுக்காக இரண்டரை மணிக்கே அடுப்பை மூட்டினோம். இருநூறு பேருக்கு 25 கிலோ அரிசி.

மார்ச் 6
மாலை நான்கு மணிக்குச் சரியாக இருந்த கோழிக் கறி, நோன்பு திறக்கும் நேரத்தில் உப்புக் கரித்தது. மூன்று மணி நேரம் சிறு தீயில் கிடந்தால் தண்ணீர்தான் வற்றும், உப்பு அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் முறை ருசி பார்க்கவில்லை. பகலெல்லாம் சுடுதளத்தில் வெயிலில் நின்று, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் வந்தவர்களின் முதல் கவளத்தையே கெடுத்துவிட்டேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. தண்ணீர்க் குடம்தான் சீக்கிரம் காலியானது.

மார்ச் 8
என் சமையல் தேர்வுத் தேதி இன்னும் வரவில்லை.

மார்ச் 10
கோலாலம்பூரின் கம்போங் பாரு பள்ளிவாசலில் வழங்குவதைப் போலப் புபூர் லம்புக் என்னும் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். அதில் மாட்டிறைச்சி சேரும், நான் தொடுவதில்லை. எப்படி உப்புப் பார்ப்பது என்று காலையிலிருந்து மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நான் வாய் திறப்பதற்குள் சார்ஜன்ட், இறைச்சி போடும் முன்பே தேங்காய்ப்பாலும் உலர்ந்த இறாலும் சேர்ந்த கஞ்சியைத் தனி அகப்பையால் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார். இறாலிலேயே உப்பு இருப்பதால் கொஞ்சம் குறைவாகப் போடச் சொன்னேன். அப்படியே போட்டார்கள். இரவு அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல மனுசங்கய்யா" என்றார்.

மார்ச் 11
தேர்வு 17ஆம் தேதி. நூறு பேருக்கான உணவை வெட்டவெளியில் சமைக்க வேண்டும்.

மார்ச் 13
தொண்டை கரகரக்கிறது, மூக்கு அடைத்துவிட்டது. நாக்கில் உப்பும் புளிப்பும் தெரிகின்றன. மசாலாவின் மணம் மட்டும் எங்கோ தொலைவில் நிற்கிறது. மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் உணவைக் கையாள்பவர் ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் வேண்டும் என்று மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் சொல்வது எதற்காக? இருநூறு பேர் ஒரே கவாவிலிருந்து, அதாவது ஒரே பெரிய கொப்பரையிலிருந்து, சாப்பிடுகிறார்கள். சார்ஜன்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அறையில் ஓய்வெடுக்கச் சொன்னார்.

மார்ச் 14
இன்று உப்புப் பார்த்தது யார் என்று கேட்டனுப்பினேன். பதில் இல்லை. பாங்கு ஒலித்த பிறகும் சன்னலோரத்தில் நின்று, உணவுக்கூடத்திலிருந்து வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15
கறிவேப்பிலையைக் கசக்கி முகர்ந்தேன். வாசம் வரவில்லை.