டச்சப்பைத் தள்ளிப்போட்ட காலத்தில் என் முடியைப் பார்த்துக்கொண்ட விதம்

ரீபாண்டிங் செய்த, அதாவது மருந்து போட்டு நேராக்கிய சுருட்டை முடியில் நாலைந்து மாதம் கழித்து ஒரு கட்டம் வரும். வேர்ப்பக்கம் சொந்த முடி முளைத்து உச்சந்தலை உப்பி நிற்கும், கீழே மட்டும் கம்பி மாதிரி நேராகத் தொங்கும். ஆறு மாதம் ஆனதும் டச்சப்புக்கு, அதாவது அந்தப் புது முடியையும் நேராக்கிக்கொள்ள, வந்துவிடச் சொல்வார்கள் பார்லரில். பல வருடம் அந்தக் கணக்குப்படிதான் நானும் போய்வந்தேன். இந்த முறை ஒரு வருடத்துக்கும் மேலே தள்ளிப்போட்டேன். நீளம் குறையவில்லை, கொத்தாக உடையவும் இல்லை. இடைப்பட்ட காலத்தை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்ட தோழிகளுக்காகவும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர் முடி எனக்குப் பிடிக்கும், அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை. ஆனால் மருந்து தலையில் ஏறும் தடவைகளைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியது. 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் கவனித்த ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் மருந்துகளைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் 1.64 சதவீதம், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். எந்தப் பொருளால் என்று அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை, மருந்துதான் காரணம் என்று அது ஒன்றே நிரூபித்துவிடவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை போகிற நான் அந்த அடிக்கடிக் கூட்டத்தில் வரமாட்டேன். இருந்தாலும் குறைக்க முடிந்ததைக் குறைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரி என்று பட்டது.

இன்னொரு காரணம் முடியைப் பற்றியது. ரீபாண்டிங் க்ரீமில் இருப்பது பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட். முடியின் புரதத்தை வளைவாகப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அறுக்கிறது. அலசிவிட்டு, அயர்ன் வைத்து நேராக இழுத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரைப் பூசினால் அந்தப் பிணைப்புகள் புதிய நிலையில் மறுபடி சேரும். எல்லாமே சேர்ந்துவிடுவதில்லை, அதனால் மருந்து பட்ட முடி என்றைக்கும் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். டச்சப் என்றால் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் மருந்து போட வேண்டும். மாதத்துக்கு ஒன்று, ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் முடி வளர்கிறது. ஆறு மாதத்தில் வரும் ஆறேழு சென்டிமீட்டர் வளர்ச்சியில், அதுவும் சுருண்டு கிடக்கும் வளர்ச்சியில், பழைய முடியைத் தொடாமல் க்ரீம் பூசுவது எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் அந்த எல்லையில் இரண்டாம் முறை மருந்து ஏறும். இடைவெளி நீண்டால் புதிய முடியும் நீளமாக இருக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்தத் தள்ளிப்போடும் வழக்கத்தை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள கறுப்பினப் பெண்களிடமிருந்துதான். அவர்கள் போடுவது ரிலாக்ஸர், அதுவும் முடியை நேராக்கும் மருந்துதான். எட்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறவர்கள் அதைப் பன்னிரண்டு வாரம், ஆறு மாதம் என்று நீட்டிக்கொண்டு போவார்கள், தலைமுறையாக அதில் சேர்த்து வைத்த அறிவு அவர்களிடம் நிறைய இருக்கிறது. நம் முடிக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது. மருந்து மட்டும் வேறு. ரிலாக்ஸரில் சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்த கலவை இருக்கும், நம் ரீபாண்டிங் க்ரீமைவிடக் காரம் அதிகம். ஒன்று போட்ட முடியில் இன்னொன்றைப் போட்டால் முடி அறுந்து கையோடு வந்துவிடும். வெளிநாட்டில் ரிலாக்ஸர் போட்டுக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் இங்கே டச்சப்புக்கு உட்காரும் முன் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே முடியில் மேலே சுருட்டை, கீழே நேர். இரண்டும் சேரும் இடத்தில்தான் உடையும். சீப்பை இழுக்கும்போது கீழே உள்ள நேர் முடி வழுக்கிக்கொண்டு போகும், மேலே உள்ள சுருள் விடாமல் பிடித்துக்கொள்ளும், இழுவை மொத்தமும் அந்தச் சேருமிடத்தில் போய் விழும். அந்த வருடம் முழுக்க நான் செய்ததெல்லாம் அந்த ஓர் இடத்தைக் காப்பாற்றத்தான்.

அதில் பாதி வேலை சிக்கெடுப்பதில் முடிந்துவிடுகிறது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, துண்டால் அடித்துத் துவட்டி, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது உச்சியிலிருந்து சீப்பு போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். நேர் முடிக்கு அது நடந்துவிடும், இரண்டு வகை முடிக்கு நடக்காது. குளிக்கும்போதே கண்டிஷனர் தலையில் இருக்கையில் சிக்கெடுத்து முடித்துவிட வேண்டும். முடியை நாலாகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஒரு பாகத்தில் கை நிறையக் கண்டிஷனர் தடவுவேன். முதலில் விரல்தான். வேருக்குக் கீழே அந்தச் சேருமிடத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே மேலே வருவேன், அப்படிப் பிடித்தால் இழுவை அங்கே போகாது. விரல் தடையில்லாமல் போன பிறகுதான் பெரிய பல் சீப்பு. புதிய முடியைச் சீப்பால் நேராக்கப் பார்க்க மாட்டேன், அது சுருண்டே இருக்கட்டும். அலசும்போதும் முடியை உச்சியில் குவித்துத் தேய்க்காமல் தண்ணீர் மேலிருந்து கீழாக ஓட விடுவேன். பிறகு பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுப்பது. இதற்கே சாதாரணக் குளியலைவிட அரைமணி நேரம் கூடுதலாகும். அதனால் வாரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு தலைக்குளியல் என்று வைத்துக்கொண்டேன்.

எண்ணெய் விஷயத்தில் அம்மா சொன்னதும் ஆய்வு சொல்வதும் ஒன்றாக வந்து நின்றது எனக்குச் சந்தோஷம். 2003-ல் ரேலே, மோஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே இறங்குவதால்தான் இது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, சேருமிடத்திலிருந்து நுனி வரை நன்றாகத் தடவிக்கொள்வேன். மண்டையில் ஊற வைக்க மாட்டேன். எனக்குப் பொடுகு உண்டு, அதற்குக் காரணமான பூஞ்சை எண்ணெயில் இன்னும் நன்றாக வளரும். பொடுகுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்பூவும் மண்டைத்தோலில் மட்டும்தான், நீளத்தில் பட்டால் காய்ந்து போகிறது. சீயக்காயை இந்தக் காலத்துக்கு நிறுத்திவிட்டேன். “நம்ம வீட்டுல யாருக்குடி சீயக்காயால முடி போச்சு?” என்று அம்மா கேட்டாள். முடி போகாதும்மா, தூள் சுருளுக்குள் மாட்டிக்கொள்கிறது, அதை எடுக்கத் தேய்க்கும்போது முடி உடைகிறது என்றேன். அவளுடைய முடி அலை அலையானது, அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணி, கோடையில் லாரித் தண்ணி. இரண்டுமே உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே கால்சியமும் மக்னீசியமும் மருந்து பட்ட முடியில் இன்னும் எளிதாகப் படியும், முடி சொரசொரவென்று ஆகி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கீலேட்டிங் ஷாம்பூ போட்டு அந்தப் படிவை எடுத்தேன். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு கேன் தண்ணி. ஆடம்பரம் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். ஆனால் சிக்கு குறைந்ததில் பெரிய பங்கு அந்த இரண்டு சொம்புக்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

முடிக்கு முட்டை, தயிர் பூசுவதெல்லாம் வேண்டாம். முட்டைப் புரதம் முடிக்குள் போகும் அளவுக்குச் சிறியது அல்ல. ஹைட்ரலைஸ்டு புரதம், அதாவது சின்னத் துண்டுகளாக உடைத்த புரதம் உள்ள மாஸ்க் ஒன்றை மாதத்துக்கு ஒருமுறை போட்டேன். அதைவிட அதிகமாகப் போட்டால் என் முடி விறைத்துக்கொண்டது.

அடுத்தது வெளியே போகும்போது எப்படித் தெரிவது என்ற கவலை. இங்கேதான் பெரும்பாலானோர் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். உப்பி நிற்கும் வேரைத் தினமும் ஸ்ட்ரெயிட்னர் வைத்து அமுக்கத் தோன்றும். சென்னை வெக்கையில் அது அலுவலக லிஃப்ட் வரைகூடத் தாங்காது. மண்டையில் வியர்த்ததும் சுருள் திரும்பிவிடும், தினசரிச் சூடுதான் மிச்சம். கறுப்பினப் பெண்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேரை நேராக்க மாட்டார்கள், நுனியைச் சுருட்டுவார்கள். முக்கால்வாசி காய்ந்த முடியில் கொஞ்சம் ஜெல் தடவி, ஆறேழு பின்னல் தளர்வாகப் போட்டு, நுனியைத் துணிக் கீற்றில் சுற்றி முடிச்சிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு காலையில் அவிழ்த்தால் நேர் முடி அலையாக விழும், மேலே உள்ள சுருட்டையோடு ஒத்துப்போகும். சூடே வேண்டாம். முகூர்த்தத்துக்குப் போகிற நாளில் மட்டும் வெப்பப் பாதுகாப்பு சீரம் தடவி, 180 டிகிரிக்கு மேல் போகாமல், முன்பக்கத்துக்கு மட்டும் ஸ்ட்ரெயிட்னர். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் நிற்கவில்லை. அந்த இரண்டு மாதமும் தாழ்வான தளர்கொண்டை அல்லது ஒற்றைப் பின்னல்தான்.

இறுக்கிய குதிரைவாலை முழுவதும் விட்டுவிட்டேன், ரப்பர் பேண்ட் வந்து உட்காரும் இடம் பல சமயம் அந்தச் சேருமிடமாகவே இருக்கிறது. துணி சுற்றிய ஸ்க்ரஞ்சிதான், அதுவும் தினமும் ஒரே உயரத்தில் இல்லாமல். வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டைக் கவனிக்க வேண்டும். உள்ளே உள்ள பஞ்சுத் துணி காதோரத்தையும் பிடரியையும் உரசிக்கொண்டே இருக்கும், முதலில் உடைவது அந்த ஓரங்கள்தான். நான் ஒரு சாட்டின் துணியைக் கட்டிக்கொண்டு மேலே ஹெல்மெட் போட்டேன். கிழிந்த பட்டுப்புடவையில் தலையணை உறை தைத்துக் கொடுத்தது அம்மா.

சீப்பில் முடி வந்தால் பதறாமல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் உதிரும். வாரத்துக்கு ஒருமுறை சிக்கெடுப்பவர்களுக்கு அத்தனை நாளுக்கும் சேர்த்து ஒரேயடியாக வரும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். குமிழ் இல்லாமல், குட்டையாக வந்தால் அது உடைந்தது. அப்படித் தொடர்ந்து வந்தால் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை, நுனியை வெட்டிவிடுவது மேல். ஏழெட்டாவது மாதம் எனக்கும் பிடரியில் கொஞ்சம் உடைந்தது. ஓரங்குலம் வெட்டி, அந்தப் பக்கம் மட்டும் பின்னலை இன்னும் தளர்த்தினேன், நின்றது.

இடையில் பார்லரிலும் தோழிகளும் சொன்னது, “அதுவரைக்கும் ஒரு கெரட்டின் போட்டுக்கோ”. போடவில்லை. முடியை நேராக்கிப் படிய வைக்கும் இந்த வகை ட்ரீட்மெண்ட்களில் பல, அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடுகின்றன, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அது இல்லை என்று சொல்லி விற்பதில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 2024-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அந்த அமிலம் உள்ள க்ரீமால் முடியை நேராக்கிக்கொண்ட மூன்று தடவையும் அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மருந்தைக் குறைக்க நினைத்துவிட்டு இதற்குள் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வருடம் தாண்டி டச்சப்புக்கு உட்கார்ந்தபோது சில விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொண்டேன். க்ரீம் புதிய முடிக்கு மட்டும், மண்டையிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி. பழைய முடி முழுவதும் கனமாகக் கண்டிஷனர் பூசி ஒதுக்கி வைக்க வேண்டும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கொத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் இழுத்தால் நீண்டு திரும்பி வர வேண்டும், ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனாலோ மசிந்தாலோ அன்றைக்கு வேண்டாம். தலையில் சிரங்கோ கீறலோ இருந்தாலும் வேண்டாம், அதற்காக அந்த வாரம் முழுக்க மண்டையைச் சொறியாமல் இருந்தேன். பார்லரில் வழக்கமாகச் செய்யும் பெண் சீப்பால் வகிடெடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லை நல்லாத் தெரியுதுக்கா, இப்படி இருந்தா எனக்கும் ஈஸி” என்றாள். அவளுக்கு நேரம் கொஞ்சம் கூட ஆனது. பழைய முடியில் ஒரு சொட்டு க்ரீம் படவில்லை.

முடிந்ததும் நோட்டை எடுத்து, “அடுத்தது ஆறு மாசம் கழிச்சு எழுதிக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள். மாதக் கணக்கு வேண்டாம், வேரில் அரைச் சாணாவது வளரட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.