தலையில் வெந்த முட்டை

புது அடையாள அட்டைக்குத் திங்கட்கிழமை போட்டோ எடுக்கப் போகிறோம் என்று ஆபீஸிலிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் மெயில் வந்தது. பழைய அட்டையில் இருக்கிற மூஞ்சியை ஆறு வருஷமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். அதைப் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினால்கூட யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தத் தடவையாவது மனுஷி மாதிரி தெரியணும் என்று பார்லருக்குக் கிளம்பினேன். குறுக்கே வந்தாள் தங்கச்சி.

"எதுக்குக்கா பார்லரு? எல்லாம் வீட்லயே இருக்கு."

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. போனில் சேர்த்து வைத்திருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். நானும் பார்த்தேன். என் விதி.

முதலில் முட்டை. ரெண்டு முட்டையை உடைத்து அடித்து முடி முழுக்கத் தடவி, தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். காதோரமாக ஒரு கோடு மெல்ல இறங்கி, கழுத்தில் கொஞ்ச நேரம் யோசித்து நின்று, அப்புறம் முதுகுக்குள் போனது. வீடியோவில் இந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

கழுவும்போதுதான் கூத்து. தலையைக் குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டேன். தோலில் படாதே, முடிதானே என்ற தைரியத்தில் ஹீட்டர் தண்ணீரை விளாவாமல் அப்படியே முடி நுனியில் ஊற்றினேன். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸிலேயே கெட்டியாக ஆரம்பித்துவிடுமாம். அடுப்படியில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அது பாத்ரூமில் ஞாபகம் வரவில்லை. சீப்பை வைத்து இழுத்தால் வெள்ளையும் மஞ்சளுமாகத் துணுக்குத் துணுக்காக வருகிறது. "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றாள் தங்கச்சி, கதவுக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு. மூன்று தடவை ஷாம்பு போட்டும் வாடை போகவில்லை. இத்தனைக்கும் முட்டையில் இருக்கிற புரதம் முடிக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதே கிடையாதாம். மேலேயே உட்கார்ந்து நாறிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

அடுத்தது எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும். கிண்ணத்தில் கலந்ததும் புஸ்ஸென்று பொங்கியது. "பாத்தியா, வேலை செய்யுது!" என்று குதித்தாள். ஒன்று அமிலம், இன்னொன்று அதற்கு நேரெதிரான காரம். ரெண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, இதில் என் முகத்துக்கு என்ன வேலை? தனித்தனியாகப் பூசினால் இன்னும் மோசம். பிஹெச் என்று அமிலத்தையும் காரத்தையும் அளக்க ஒரு கணக்கு உண்டு, எண் குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி. தோலின் பிஹெச் 5 பக்கத்தில் இருக்கும், எலுமிச்சை 2, சோடா 8-க்கு மேலே. முட்டை கற்றுக்கொடுத்த புத்தியில் கிண்ணத்தைச் சிங்க்கில் கவிழ்த்தேன். சிங்க் பளபளவென்று ஆகிவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பசை வந்தது.

பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையில் கரித்தூளைக் குழைத்து முகத்தில் பூசி, காய்ந்ததும் உரித்தால் மூக்கிலிருக்கும் கரும்புள்ளியெல்லாம் கூடவே வந்துவிடும் என்றாள். பூசிக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் முகம் தகரமாகிவிட்டது. சிரிக்க முடியவில்லை, சிரிக்கிற நிலைமையும் இல்லை. தாடையிலிருந்து உரிக்க ஆரம்பித்தோம். பசைக்குக் கரும்புள்ளி எது, பூனைமுடி எது என்று தெரியுமா? கையில் கிடைத்ததையெல்லாம் வேரோடு பிடித்துக்கொண்டது. கன்னத்துக்கு வரும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர். "இதோ முடிஞ்சுடுச்சுக்கா, மூச்சை இழுத்துப் பிடி" என்று கடைசித் துண்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. உரித்த தோல் மாதிரி அவள் கையில் தொங்கியதன் ஓரத்தில், வரிசை கலையாமல், என் இடது புருவத்தின் வால் இருந்தது. மூக்கில் கரும்புள்ளிகள் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தன.

நியாயமாகச் சொல்லணும், ஒன்று மட்டும் பலித்தது. அழுது வீங்கின கண்ணுக்கு, ஃப்ரிட்ஜில் வைத்த ரெண்டு ஸ்பூனைத் திங்கட்கிழமை காலையில் ஒற்றிக் கொடுத்தாள். சில்லிப்பில் ரத்தக் குழாய் சுருங்கி வீக்கம் நன்றாகவே வடிந்தது. அரைப் புருவத்தைப் பென்சிலால் வரைந்துவிட்டாள். அவசரத்தில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

இப்போது புது அட்டையில் யாரையோ பார்த்து "அப்படியா?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறேன். தினமும் காலையில் வாசல் செக்யூரிட்டி அட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், தன்னையறியாமல் இடது புருவத்தைத் தூக்குகிறார்.